பல் இடைவெளியை ரப்பர் பேண்ட் மூடாது, பல்லையே விழவைக்கும்

"முன்பல் இரண்டிலும் ரப்பர் பேண்டை மாட்டித் தூங்குங்கள், ஒரே வாரத்தில் சந்து மூடிவிடும், க்ளிப் செலவு மிச்சம்" என்று ஒரு வீடியோ சென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறான தகவல். தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள்.

பல்லின் வேர் நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும். அதனால் ரப்பர் மாட்டிய இடத்தில் நிற்காமல் மெல்ல வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும். காலையில் ரப்பரைக் காணோம், தூக்கத்தில் விழுந்திருக்கும் என்று நினைப்போம். அதுவோ உள்ளே வேரைச் சுற்றியுள்ள எலும்பை அழித்துக்கொண்டிருக்கும். ஈறு வீங்கும், சீழ் வரும், பல் ஆடும். சொத்தையே இல்லாத பல்லை எடுக்கவேண்டி வரலாம்.

சரி, என்னதான் வழி? சின்னச் சந்து என்றால் காம்போசிட் என்ற பல் நிறப் பசையை வைத்துப் பெரும்பாலும் ஒரே நாளில் மூடலாம். பல்லை நகர்த்த க்ளிப் அல்லது அலைனர் (கழற்றி மாட்டும் ஒளிபுகும் பல் உறை). மாதக்கணக்கில் ஆகும், முடிந்தபின் பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரீடெய்னர் போடாவிட்டால் மறுபடி விலகும். ஈறு நோயால் விழுந்த சந்துக்கு முதலில் ஈறு சிகிச்சை.

அப்புறம், 8, 9 வயதுப் பிள்ளைக்குச் சந்து இருந்தால் பதறாதீர்கள். 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானே நெருங்கிவிடும்.

செலவுதான் கவலையா? பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஏற்கெனவே ரப்பர் மாட்டி அது காணாமல் போயிருந்தால், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ரப்பர் பெரும்பாலும் தெரியாது.