‘சுதந்திர நாடு’ என்று எழுதி எழுதியே பிடித்த நாடு

கொரியாவை ஜப்பான் பிடித்ததைப் பற்றிப் பேசினால் எல்லோரும் நேரே அதைத் தன்னோடு இணைத்துக்கொண்ட 1910-க்குப் போய்விடுகிறார்கள். அந்த வருடம் நடந்தது பத்திரப் பதிவு மட்டும்தான். பேரம் படிந்ததும், சாட்சிக்காரர்களுக்குப் பங்கு போனதும் அதற்கு முன்பே.

தொடக்கம் 1876, கங்வா உடன்படிக்கை. முந்தைய வருடம் உன்யோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் கங்வா தீவை ஒட்டிப் போக, கொரியர்கள் கரையிலிருந்து சுட்டார்கள். அதையே சாக்காக வைத்து மிரட்டி வாங்கிய கையெழுத்து. முதல் ஷரத்து இப்படிப் போகிறது: கொரியா சுதந்திர நாடு, ஜப்பானுக்கு நிகரான இறைமை உடையது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியின் குறி சீனா. கொரியா அதற்குத் திறை செலுத்தி வந்த நாடு. யாராவது கைவைத்தால் சீனா ஏனென்று கேட்கும். அந்த உறவைக் காகிதத்தில் அறுத்துவிட்டால் கேட்க நாதியில்லை. அதே உடன்படிக்கையின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள்: கொரியத் துறைமுகத்தில் ஜப்பானியர் குற்றம் செய்தால் ஜப்பானிய அதிகாரிதான் விசாரிப்பார். பின்னாலேயே வந்த வர்த்தக விதிகளில் சுங்கவரியும் இல்லை. நிகரான இறைமையாம்!

1895-இல் சீனாவைத் தோற்கடித்து எழுதிய ஷிமோனோசெகி உடன்படிக்கையிலும் முதல் ஷரத்து கொரியாவின் சுதந்திரம்தான். 1904 பிப்ரவரியில், ரஷ்யாவோடு ஜப்பான் போர் தொடங்கி இரண்டே வாரத்தில், கொரியாவிடம் வாங்கிய ஒப்பந்தத்தில் 3-ஆம் ஷரத்து சுதந்திரத்துக்கு உத்தரவாதம். 4-ஆம் ஷரத்து, வேண்டிய இடங்களில் ஜப்பான் படையை நிறுத்திக்கொள்ளலாம்.

பங்கு பிரித்தது 1905-இல். ஜூலையில் அமெரிக்கப் போர்த்துறை அமைச்சர் டாஃப்ட், ஜப்பான் பிரதமர் கட்சுரா இருவரின் பேச்சு: பிலிப்பைன்ஸில் ஜப்பான் தலையிடாது, கொரியாவில் அமெரிக்கா தலையிடாது. (இதை ரகசிய ஒப்பந்தம் என்றே பலர் எழுதுகிறார்கள், உண்மையில் அது பேச்சுக் குறிப்பு.) ஆகஸ்டில் பிரிட்டன், கொரியாவில் ஜப்பானின் மேலாண்மையை ஒப்புக்கொண்டு, இந்திய எல்லைப் பாதுகாப்புக்கு ஜப்பானின் ஆதரவை வாங்கிக்கொண்டது. நம்மைக் கேட்காமலே நம் பெயரும் அந்தப் பத்திரத்தில் ஏறியிருக்கிறது. செப்டம்பரில் போர்ட்ஸ்மத் சமாதான உடன்படிக்கையில், தோற்ற ரஷ்யாவும் தலையாட்டியது.

மிச்சம் நவம்பர் 17 இரவு. சியோல் அரண்மனையின் ஜுங்மியோங்ஜோன் கட்டடம், சுற்றிலும் ஜப்பானியச் சிப்பாய்கள். ஜப்பானின் சிறப்புத் தூதர் இட்டோ ஹிரோபுமி, ஒப்பந்தத்துக்குச் சம்மதமா என்று எட்டுக் கொரிய அமைச்சர்களையும் ஒவ்வொருவராகக் கேட்கிறார். பிரதமர் ஹான் கியூ-சோல் கடைசிவரை மறுத்தார். ஐந்து பேர் மசிந்தார்கள். கொரியர்களுக்கு இன்றும் அவர்கள் ‘ஐந்து துரோகிகள்’. அதோடு வெளியுறவு உரிமை டோக்கியோவுக்குப் போயிற்று. அந்த ஆவணத்துக்குத் தலைப்பு கிடையாது, பேரரசர் கோஜோங்கின் ஒப்புதல் கையெழுத்தும் கிடையாது. ஒரு வீட்டு வாடகைப் பத்திரம்கூட இப்படி நிற்காது. 1907-இல் இதை முறையிட கோஜோங் ஹேக் சமாதான மாநாட்டுக்கு அனுப்பிய மூன்று தூதர்களை உள்ளேயே விடவில்லை. காட்டிய காரணம் இதே காகிதம்.

செல்லுமா செல்லாதா என்ற வழக்கு 1965-இலும் முடியவில்லை. ஜப்பானும் தென்கொரியாவும் அந்த வருடம் செய்துகொண்ட உடன்படிக்கை, 1910 ஆகஸ்ட் 22 வரையிலான ஒப்பந்தங்கள் எல்லாம் ‘ஏற்கெனவே செல்லாதவை’ என்கிறது. எழுதிய நாளிலிருந்தே செல்லாது என்று கொரியா படிக்கிறது. பிறகுதான் செல்லாமல் போயிற்று என்று ஜப்பான் படிக்கிறது. தகராறு வந்தால் ஆங்கில வாசகமே செல்லும் என்று ஷரத்து வேறு. அந்த ஆங்கிலத்திலும் அதே ‘ஏற்கெனவே’.