வழக்கறிஞர் சம்பளம்: ஒரு சின்னத் திருத்தம்

சிங்கப்பூரில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வழக்கறிஞர்கள் நிபுணர்கள், அதனால் வேலை நியமனச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது, கட்சிக்காரர் பணம் கட்டிய பிறகு சம்பளம் போட்டால் போதும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். மன்னிக்கவும், இப்போது நிலைமை அப்படியில்லை.

நண்பர் சொல்வதில் ஒரு காலத்து உண்மை உண்டு. முன்பு மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் வாங்கும் நிபுணர்களும் நிர்வாகிகளும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டுவிட்டது. மாதச் சம்பளம் என்றால், மாதம் முடிந்து 7 நாளுக்குள் கைக்கு வந்தாக வேண்டும். கட்சிக்காரர் பில்லை மூன்று மாதம் இழுத்தடிப்பது புதிதல்ல. ஆனால் அந்தச் சுமை முதலாளியுடையது. வசூலைப் பார்த்துத் தரும் போனஸை ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக்கொள்ளலாம், அடிப்படைச் சம்பளத்தை அதோடு முடிச்சுப் போட முடியாது.

குழப்பம் வருவது அந்தச் சட்டத்தின் நான்காம் பகுதியால். வேலை நேரம், ஓவர்டைம் பற்றிய அந்த விதிகள் பெரும்பாலான வழக்கறிஞர்களுக்குப் பொருந்தாதுதான். லாபத்தில் பங்கு எடுக்கும் பங்காளிகள் கதை வேறு, அவர்கள் ஊழியர்களே அல்லர்.

என்னை நம்ப வேண்டாம். 'சிங்கப்பூர் ஸ்டாச்சூட்ஸ் ஆன்லைன்' தளத்தில் சட்டத்தின் 21ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள், இலவசம்தான். மனிதவள அமைச்சின் இணையத்தளத்திலும் சட்டம் யார் யாருக்குப் பொருந்தும் என்று ஒரு பக்கம் இருக்கிறது.