குக்கீ ஆறுவதற்குள்

தீபாவளிக்கு மனகோலமும் சீப்புச் சீடையும் இருக்கட்டும், கூடவே குக்கீயும் சுடலாம் என்று ஆசைப்பட்டது என் தப்புதான். காரைக்குடிப் புழுக்கத்தில் வெண்ணெய் மாவு கையிலேயே உருகுகிறது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, 170 டிகிரியில் 12 நிமிஷம் சுட்டு எடுத்தேன். ஓரமெல்லாம் பொன்னிறம். சூட்டில் குக்கீ மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு. இதை யாரிடம் சொல்ல? அப்பத்தா ஒன்றை விரலால் அமுக்கிப் பார்த்து, "வேகலையேடி, இன்னொருக்கா உள்ள வை" என்கிறார். சின்னவன் இன்னொன்றின் நடுவில் குழியே பறித்துவிட்டான். சரி, ஆறட்டும் என்று முற்றத்துப் பக்கம் போய் வந்தால் தட்டில் பாதியைக் காணோம். வேகாததை யார் தின்றார்களாம்? அப்பத்தா வாயைத் துடைத்துக்கொண்டே, "தேன்குழல் மாதிரி வராது" என்கிறார்.