ஃப்ளூவில் படுத்தவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

எதிர்ப்பு சக்தியை ஏற்றச் சொல்லும் அந்த வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன், முழுசாகவே பார்த்தேன். நாலாவது நிமிடத்தில் அதில் பேசுபவர் சொல்லும் அந்த வரிக்குத்தான் எல்லோரும் கை தட்டியிருக்கிறீர்கள்: "ஃப்ளூ யாரையும் சாய்க்காது, உடம்பைக் கெடுத்து வைத்திருப்பவனைத்தான் சாய்க்கும்." என் நட்பு வட்டத்திலேயே அதற்குக் கீழே "நூறு சதவீதம் உண்மை" என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

உண்மை இல்லை. ஒரே வைரஸ் ஒருவரை மூன்று நாள் படுக்க வைத்துவிட்டுப் போகிறது, இன்னொருவரை வென்டிலேட்டர் வரை கொண்டுபோகிறது. இந்த வித்தியாசத்தில் பெரிய பங்கு பிறக்கும்போதே நமக்குள் இருக்கும் சில புரதங்களுக்கு உண்டு. அவற்றை யாரும் சம்பாதிக்கவில்லை, யாரும் கெடுத்துக்கொள்ளவும் இல்லை.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். இன்ஃப்ளூயன்சா வைரஸ் மூச்சுக்குழாய் செல்லின் மேல் ஒட்டிக்கொள்கிறது. செல் அதை ஒரு சின்னப் பைக்குள் வைத்து உள்ளே இழுக்கிறது. அந்தப் பையில் அமிலம் ஏறியதும் வைரஸ் தன் உறையைப் பையின் சவ்வோடு இணைத்து, தன் மரபுப்பொருளான ஆர்என்ஏவை வெளியே விடப் பார்க்கிறது. அந்த இடத்தில் காவல் இருப்பது ஐஎஃப்ஐடிஎம்3 என்ற புரதம். சவ்வு இணையாமல் அது தடுத்துவிட்டால் வைரஸ் பைக்குள்ளேயே கிடந்து அழிகிறது. தப்பி வெளியே வந்தாலும், வைரஸின் ஆர்என்ஏவை இனம் காண ரிக்-ஐ என்ற புரதம் காத்திருக்கிறது. அது எழுப்பும் சமிக்ஞை ஐஆர்எஃப்7 போன்ற புரதங்கள் வழியே போய் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தை உண்டாக்குகிறது. இன்டர்ஃபெரான் பக்கத்து செல்களுக்கும் எச்சரிக்கை கொடுக்க, அங்கே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. எம்எக்ஸ்ஏ என்ற புரதம் அப்படி வருவதுதான். வைரஸின் மரபுப்பொருள் செல்லின் உட்கருவைப் பிடித்துவிடாமல் மறிப்பது அதன் வேலை.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. இந்த எச்சரிக்கையை அமுக்குவதற்கென்றே என்எஸ்1 என்று ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. அந்த வைரஸைக் குறிவைத்துப் பிடிக்கும் ஆன்டிபாடி தயாராகச் சில நாட்கள் ஆகும் என்பதால் அதுவரை சண்டையின் பெரும் பாரம் இந்தப் பிறவிப் புரதங்கள் மேல்தான். ஒன்று பழுதாக இருந்தால்கூட வைரஸ் முந்திவிடலாம். இதில் நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்ற கேள்வி எங்கே வருகிறது?

நம்பிக்கை வரவில்லையா? எலிகளைப் பாருங்கள். 1957-இல் லண்டன் மில் ஹில்லில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டென்மனும் ஃப்ளூ வைரஸை வைத்துச் செய்த சோதனைகளில்தான் இன்டர்ஃபெரான் கண்டுபிடிக்கப்பட்டது. அதே லிண்டென்மன் 1962-இல் இன்னொன்றைக் கவனித்தார். மற்ற எலிகளைக் கொல்லும் அளவு ஃப்ளூ வைரஸைக் கொடுத்தும் ஏ2ஜி என்ற வகை எலிகள் பிழைத்துக்கொண்டன. காரணம் எம்எக்ஸ்1 என்ற ஒரே ஒரு மரபணு, நம் எம்எக்ஸ்ஏவுக்கு எலியில் இணையானது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் எலி வகைகளில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு பழுதானது என்பது பின்னால் தெரியவந்தது. ஆய்வுக்கூட எலிகள் எல்லாம் ஒரே மாதிரித் தீனி தின்று, ஒரே மாதிரிக் கூண்டில், ஒரே மாதிரி வெளிச்சத்தில் வளர்பவை. செத்த எலி என்ன ஒழுக்கம் தவறியது? பிழைத்த எலி என்ன தவம் செய்தது?

சரி, எலி வேறு மனிதன் வேறு என்பீர்கள். 2009 பன்றிக் காய்ச்சல் பெருந்தொற்றில் ஃப்ளூவால் மருத்துவமனையில் சேரும் நிலைக்குப் போனவர்களை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. ஐஎஃப்ஐடிஎம்3 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட வடிவம் அவர்களிடம் பொது மக்களைவிட அதிகமாக இருந்தது. (எல்லா நாட்டு ஆய்வுகளிலும் இது ஒரே மாதிரி வரவில்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.) 2015-இல் வந்தது இன்னும் அழுத்தமானது. இரண்டரை வயதில் ஃப்ளூ வந்து உயிருக்குப் போராடிய ஒரு சிறுமியின் மரபணுக்களைப் படித்தார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஐஆர்எஃப்7-இன் இரண்டு பிரதிகளும் பழுதாக வந்திருந்தன. அவள் செல்களால் போதிய இன்டர்ஃபெரானைச் சுரக்க முடியவில்லை. ஒரே ஒரு பழுதான பிரதியைச் சுமந்த பெற்றோர் இருவரும் நலமாக இருந்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தை, ஐயா. அவள் எந்த உடம்பைக் கெடுத்து வைத்திருந்தாள்?

இப்போது என் வீட்டுக் கதை. என்னைத் தெரிந்தவர்களுக்கு என் தம்பியைத் தெரியும். புகை, மது எதுவும் கிடையாது. விடிகாலையில் ஓடப் போகிறவன். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் ஓய்வு எடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூன்றாம் நாள் இரவு விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் அளவு 82 என்று காட்டியது. அவன் உதட்டைப் பார்த்தபோது எண் தேவைப்படவில்லை. ஐசியூவில் அவனைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். வாயில் குழாயை நிறுத்த ஒட்டிய பிளாஸ்டர் கன்னத்துத் தோலை உரித்திருந்தது. வெளியே காத்திருந்த எங்களிடம் வந்த உறவுக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உள்ளுக்குள்ள ஏதாவது பழக்கம் இருந்திருக்குமோ?" ஆறுதல் சொல்ல வந்தவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தம்பி பிழைத்துவிட்டான். இன்னும் மாடி ஏறினால் இரைக்கிறது. போன வாரம் இந்த வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. இரவு அவன் என் அறைக்கு வந்து, "அண்ணா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றான். அனுப்பியவர் அதற்குள் அடுத்து ஒரு வாழ்த்துப் படமும் போட்டுவிட்டார்.

அவனுக்கு எந்தப் புரதம் கைவிட்டது என்று யாரும் சோதிக்கவில்லை. மரபணுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவும் இல்லை. இன்டர்ஃபெரானையே தாக்கும் ஆன்டிபாடிகள் சிலர் உடம்பில் உருவாகியிருக்கும், அவர்களுக்கே தெரியாது. எழுபது வயதுக்குக் கீழே இருந்து, ஃப்ளூ நிமோனியாவால் மிக மோசமான நிலைக்குப் போனவர்களில் சுமார் 5 சதவீதம் பேரிடம் அவை இருந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. இப்படி எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஒரு முகத்தைப் பார்த்து "இவன் தப்பு செய்திருப்பான்" என்று முடிவுகட்ட யாராலும் முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

"புகையும் உடல் பருமனும் சர்க்கரையும் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மைதானே" என்று வருவீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் பேரை எடுத்துப் பார்த்து ஆபத்து கூடுகிறது என்று சொல்வது வேறு, ஐசியூவில் கிடக்கும் ஒருவனுக்குத் தீர்ப்பு எழுதுவது வேறு. சர்க்கரை இருப்பவருக்கு மட்டும் இந்தப் பேச்சைக் கேட்கும் தலையெழுத்தா? அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நோயாளியைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

"அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்." இருக்கட்டும். என் தம்பி தூங்கவில்லை.

"எதிர்ப்பு சக்தியை ஏற்றினால் போதும் என்கிறார், அதில் என்ன தவறு?" எதை ஏற்றச் சொல்கிறார்? எதிர்ப்பு சக்தி என்பது ஒரே பொருள் இல்லை, ஒரு பொடியைக் கலக்கிக் குடித்து மட்டத்தை உயர்த்துவதற்கு. ஏறினால் எப்போதும் நல்லதும் இல்லை. ஃப்ளூவில் வரும் காய்ச்சலும் உடம்பு வலியும் பெரும்பாலும் நம் எதிர்ப்பு வினையே உண்டாக்குவது. ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் நோயாளிகள் ஃப்ளூ வந்தது போலவே அவதிப்பட்டார்கள். வியட்நாமில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்து இறந்தவர்களின் ரத்தத்தில் எதிர்ப்பு வினையைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்கள் கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தன. ஆரம்பத்தில் உதவும் இன்டர்ஃபெரானே நாள் கடந்தும் நீடித்தால் நுரையீரல் ஆறுவதைத் தடுக்கிறது என்று 2020-இல் எலிகளில் காட்டினார்கள். எப்போது, எங்கே, எவ்வளவு என்பதில் இருக்கிறது விஷயம். இதையெல்லாம் ஒரு டப்பாவில் அடைத்து விற்க முடியாது. அந்த வீடியோவின் கடைசியில் என்ன விற்கிறார்கள் என்பதையும் பார்த்தீர்கள்தானே.

"எல்லாம் பிறவியிலேயே முடிவாகிவிட்டது என்றால் நாம் செய்ய ஒன்றுமே இல்லையா?" இந்தக் கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன். செய்ய இருக்கிறது. ஆண்டுதோறும் தடுப்பூசி போடலாம். ஒரு பிறவிப் புரதம் காலை வாரினாலும் முன்கூட்டியே தயாராக இருக்கும் ஆன்டிபாடிகள் தாங்கிப் பிடிக்க வாய்ப்பு உண்டு. மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் ஓடலாம். ஆஸெல்டாமிவிர் போன்ற ஃப்ளூ மருந்துகளை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். "நான் உடம்பைச் சுத்தமாக வைத்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் வராது" என்று நம்பி மூன்றாம் நாள்வரை காத்திருக்க வைப்பது எது? இந்த வீடியோ மாதிரிப் பேச்சுதான். பழியோடு நிற்கவில்லை, இது ஆளையே கொல்லும்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அவரும் இல்லை. ஆனால் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

பின்னூட்டத்தில் புரதத்தைப் பற்றி, தடுப்பூசியைப் பற்றி எதைக் கேட்டாலும் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். தம்பிக்கு "உண்மையில் என்ன பிரச்சினை இருந்தது" என்று உள்பெட்டியில் கேட்கிறவர்களுக்கு இனி பதில் கிடையாது. அந்த வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டவரும் இதைப் படிப்பார் என்று தெரியும். முதலில் அதை நீக்குங்கள், அப்புறம் அவனுக்கு ஒரு போன் போடுங்கள்.