'ஹேவிங்' எல்லா இடத்திலும் தப்பில்லை

ஆங்கிலத்தில் 'ஹேவ்' (have) வினையோடு 'இங்' (-ing) சேர்க்கவே கூடாது என்று உங்கள் கட்டுரையில் ஒரேயடியாகச் சொல்லிவிட்டீர்கள். பாதிதான் சரி. உடைமை, உறவு, வேலை அனுபவம் என்றால் 'இங்' வராது: 'ஐ ஹேவ் எ கார்', 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்'. நம் ஊர் பயோடேட்டாக்களில் தவறாமல் தலைகாட்டும் 'ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' மாட்டிக்கொள்வது இதில்தான். ஆனால் சாப்பிடுவது, குளிப்பது போல நடந்துகொண்டிருக்கும் செயல் என்றால் 'வி ஆர் ஹேவிங் லஞ்ச்' என்று தாராளமாகச் சொல்லலாம். 'ஷி இஸ் ஹேவிங் எ பேபி' என்றால் கையில் பிள்ளை இருக்கிறது என்றில்லை, பிறக்கப்போகிறது!

அப்புறம், 'டஸ் ஷி ஹேஸ் எ பைக்?' பற்றியும் எழுதியிருக்கலாம். 'டஸ்' வந்துவிட்டால் 'ஹேஸ்' கிடையாது, 'ஹேவ்' மட்டும்தான். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.