3 ஆசனம் என்பதற்காகப் பாதி வாக்கு என்று ஆகிவிடாது

'இலங்கையின் 2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் பாதிப் பேர் தேசிய மக்கள் சக்திக்கே போட்டார்கள், 6 ஆசனத்தில் 3 அவர்களுக்குத்தானே' என்று சிலர் சொல்வது தவறு. அந்தக் கட்சி பெற்றது 80,830 வாக்குகள். செல்லுபடியான வாக்குகளில் 24.85 வீதம், அதாவது நாலில் ஒருவர்.

பிறகு 3 எப்படி வந்தது? முதலிடம் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் நேரே போய்விடும். 5 வீதத்துக்குக் கீழே எடுத்த கட்சிகளையும் குழுக்களையும் கணக்கிலிருந்து நீக்கி, எஞ்சிய வாக்குகளை மீதி 5 ஆசனங்களால் வகுப்பார்கள். இங்கே அது 48,000 சொச்சம். அந்த அளவைத் தாண்டியவை இரண்டுதான்: தேசிய மக்கள் சக்தி, தமிழரசுக் கட்சி (63,327). ஆளுக்கு ஒன்று. மிச்சம் 3 ஆசனமும், அந்த அளவைக் கழித்தபின் மீதி வாக்கு கூடியவர்களுக்கு (அதை எட்டாதவர்களுக்கு முழு வாக்குமே மீதி). தேசிய மக்கள் சக்தியின் மீதி ஏறத்தாழ 32,800, தமிழ்க் காங்கிரஸ் 27,986, 17ஆம் இலக்க சுயேச்சைக் குழு 27,855. தமிழரசுக் கட்சியின் மீதி 15,000 அளவில் நின்றதால் அதற்கு இரண்டாவது கிடைக்கவில்லை. ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513 எடுத்தும் ஆசனமே இல்லை. தமிழ்த் தரப்பு பல துண்டாக நின்றதன் விலை இது.

இன்னொன்று, யாழ். தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடக்கம், ஆகவே இவை யாழ்ப்பாணத்தின் வாக்குகள் மட்டுமல்ல. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தேசிய மக்கள் சக்தியின் வளர்ச்சியை நான் மறுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அவர்களின் வேட்பாளர் அநுர குமார திசாநாயக்கவுக்கு இங்கே விழுந்தது 27,086தான். இரண்டு மாதத்தில் மூன்று மடங்கு. பேச வேண்டியது அதைத்தான்.