பேனரில் இருக்கும் தோட்டம்

(பெங்களூரு, அல்சூர். மூலையில் 30க்கு 40 அடி காலி மனை. இடித்த வீட்டின் கப்பி, உடைந்த கட்டில், இடுப்பளவு பார்த்தீனியக் களை. கையில் மாங்கன்றோடு ஆட்டோ ஓட்டும் சேகர். எதிரில் நர்சரி வைத்திருக்கும் விஜயாக்கா.)

சேகர்: அக்கா, ஞாயித்துக்கிழமை இங்க தோட்டத் திறப்பு விழா! பேனர் அடிச்சாச்சு.

விஜயா: தோட்டம் எங்கடா?

சேகர்: அதான் பேனர்ல இருக்குல்ல.

விஜயா: ஓனர் எழுதிக் கொடுத்தாரா?

சேகர்: தலையாட்டினாருக்கா.

விஜயா: அவரு கொசு ஓட்டியிருப்பாரு. எத்தனை வருஷம், தண்ணி யாருது, திருப்பிக் கேட்டா எத்தனை மாசம் டைம்... எல்லாம் பேப்பர்ல வேணும். மாங்கன்னைக் கீழ வை. இரவல் நிலத்துல மரம் வச்சா வேர் பக்கத்து வீட்டு காம்பவுண்டைப் பிடிக்கும், அந்த வீட்டுக்காரர் உன் காலரைப் பிடிப்பாரு.

சேகர்: சரி, தக்காளி. இங்கயே குழி வெட்டுறேன்.

(கடப்பாரை 'ணங்'.)

சேகர்: அக்கா! உள்ள சாமி சிலை!

விஜயா: பாத்ரூம் டைல்ஸ். இடிச்ச சிமெண்டு கலந்த மண்ணுல சுண்ணாம்பு ஏறிடும். இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காது, எரு எவ்வளவு கொட்டினாலும் இலை மஞ்சளடிக்கும். பழைய பெயிண்ட்ல ஈயம் வேற இருக்கலாம். கீழ தோண்டாத, மேல கட்டு.

சேகர்: எத்தனை மாடி?

விஜயா: 16 அங்குலம்! பாத்தியைச் சுத்தி சாலிட் பிளாக், அதான் கெட்டி சிமெண்டுக் கல்லு, ரெண்டு வரிசை. உள்ளளவு 4க்கு 8 அடி. ஒரு பாத்திக்கு 40 பிளாக். அடியில டேப்பை உரிச்சுட்டு அட்டைப்பெட்டி பரப்பணும், ஒண்ணு மேல ஒண்ணு அரையடி ஏறியிருக்கணும். இல்லன்னா இடுக்குல களை வந்துரும்.

சேகர்: ஒரே பாத்தியா பெருசா கட்டிட்டா?

விஜயா: உன் கை என்ன அனுமார் வாலா? ரெண்டு பக்கமும் நின்னா ஆளுக்கு ரெண்டடிதான் எட்டும். உள்ள இறங்கி மிதிச்சா மண் இறுகிடும். பார்த்தீனியத்தைப் பூக்கிறதுக்கு முன்னாடி, கிளவுஸ் போட்டுப் பிடுங்கு. ஒரு செடி ஆயிரக்கணக்குல விதை போடும்.

சேகர்: தண்ணி?

விஜயா: வெயில் காலத்துல பாத்திக்கு நாளுக்கு 15 லிட்டர். ஆறு பாத்தி போட்டா 90. டெம்போ ஷெட்டுக்காரரைக் கேளு, அவரு தகரக் கூரை 200 சதுர அடி. 20 மில்லிமீட்டர் மழைக்கு 300 லிட்டர் பிடிக்கலாம். முதல்ல வர்ற தண்ணியை வெளிய விட்டுடு, அதுல பூரா புறா எச்சம். டிரம்முக்கு வலை கட்டு, இல்லன்னா பத்து நாள்ல கொசுப் பண்ணை.

சேகர்: ராத்திரி குப்பைக் கவர் வீசுறவனுக்கு? கேமரா வைப்போமா?

விஜயா: அவன் கேமராவையும் கழட்டிட்டுப் போவான். பெஞ்சு, விளக்கு, ஒரு கேரம் போர்டு. செடிக்கு முன்னாடி இது வரணும். நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிற இடத்துல கவரை வீசக் கை வராது.

சேகர்: அப்ப என் ஆட்டோவையும் நிறுத்தலாம்! ஆள் நடமாட்டம்தானே?

விஜயா: நிறுத்து. எரு ஏத்த வண்டி வேணும். ஒரு பாத்தியை நிரப்ப 43 கன அடி கலவை: பாதி செம்மண், கால் பங்கு கம்போஸ்ட், கால் பங்கு தேங்காய்நார்த் தூள். நார்த்தூள் மட்டும் அஞ்சு கிலோ கட்டி நாலஞ்சு வேணும். ஊறவச்சுப் பிழி, உப்பு போகணும்.

சேகர்: கம்போஸ்ட் நாறுமேக்கா. சீட்டெல்லாம்...

விஜயா: நல்லா மக்கி வெந்தது நாறாது, மழை பெஞ்ச மண் மாதிரி இருக்கும். நாறினா வேகலைன்னு அர்த்தம், வேரைக் கெடுத்துடும். ஒவ்வொரு மூட்டையையும் நீ முகர்ந்து பார்த்துத்தான் ஏத்தணும்.

சேகர்: முகரணுமா? அப்ப மீட்டர் காசுல ஒன்றரை மடங்கு.

விஜயா: ஒன்றரை மடங்கு ராத்திரி சவாரிக்குத்தானடா?

சேகர்: மூக்குக்கு எப்பவும் ராத்திரிதான்க்கா.